வாக்குமூலம் கொடுத்தால்தான் ஏசி ஓடும்

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஆபீஸில் பொய் சொல்லி லீவு வாங்கியவர்கள் உண்டு. பெண்டாட்டியிடம் பொய் சொல்லித் தப்பித்தவர்கள்கூட ஒன்றிரண்டு பேர் உண்டு. தியாகதுருகம் சாலையில் கார் ஏசி ரிப்பேர் பார்க்கும் ‘வாக்குமூல’த்திடம் பொய் சொல்லித் தப்பித்தவன் இன்னும் பிறக்கவில்லை.

மனிதரின் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. வண்டி வந்து நின்றதும் பானெட்டைத் திறக்க மாட்டார். வண்டியின் மூக்குக்கு நேராக ஒரு ஸ்டூலைப் போட்டு, ஓனரை உட்கார வைப்பார்.

“எங்க போனீங்க, இன்னா ஏத்தனீங்க, எதுல இடிச்சீங்க, எல்லாத்தையும் சொல்லிடுங்க. வண்டி பொய் சொல்லாது சார். ஓட்டறவருதான் சொல்லுவாரு.”

முழுசாகச் சொல்லும்வரை ஸ்பேனரைத் தொட மாட்டார். ஊர் அந்தப் பெயரை வைக்காமல் வேறு என்ன வைக்கும்?

கச்சிராயபாளையத்துக் கரும்பு விவசாயி ஒருவர் மனைவியோடு வந்தார். ஏசியில் அனல் வருகிறதாம்.

“ஏசி நல்லாத்தான் இருக்குது. வெளிக்காத்து உள்ள வர்ற பொத்தான தொறந்து வுட்டுக்கினே ஓட்டறீங்க. இன்னாத்துக்கு?”

அவர் மனைவியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். “சும்மா, காத்தோட்டமா இருக்கட்டும்னு...”

வாக்குமூலம் ஆஷ்ட்ரேயை மெதுவாக வெளியே இழுத்தார். உள்ளே ஒரு கைப்பிடி ஏலக்காய். “சிகரெட்டுக்கு அப்புறம் போடறதுங்களா?”

ஏசி அன்றைக்கே சரியாகிவிட்டது. வீட்டில் அனல் அடங்கத்தான் ஒரு மாதம் ஆனதாம்.

இந்தக் கதையை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். அந்த ஸ்டூலில் நானே உட்காரும் நாள் வரும் என்று நினைத்தேனா?

என் காருக்குப் பதினாறு வயது. அக்னி நட்சத்திரத்தில், திருநாவலூரில் வாழ்க்கைப்பட்ட என் மகளுக்கு வளைகாப்பு. ஞாயிற்றுக்கிழமை வளையல் அடுக்கி, கையோடு தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அழைப்பது தாய் வீட்டு வண்டியில்தான், அது எங்கள் வழக்கம். போன முறை இந்த வண்டியில் வந்தபோது புழுக்கத்தில் வழி முழுக்க வாந்தி எடுத்தாள் பாவம். சம்பந்தி போனில் வெல்லமாய்ப் பேசினார். “உங்க வண்டியில ஏசி ஓடுதுங்களா? இல்லன்னா நாங்களே நம்ம வண்டியில அனுப்பி வெச்சுடறோம்.” எனக்குச் சுருக்கென்று தைத்தது.

மூன்று இடத்தில் காட்டினேன். மூன்று பேரும் பானெட்டைத் தூக்கிய வேகத்தில் “கேஸ் கம்மி” என்று கேஸை ஏற்றினார்கள். அனல் ஜாஸ்தியானதுதான் மிச்சம். வியாழக்கிழமை ஸ்டூலுக்கு வந்து சேர்ந்தேன்.

“ஓடறப்ப ஜில்லுனு இருக்குதா?”

“கொஞ்சம் இருக்குதுண்ணே. சிக்னல்ல நின்னா அனல்.”

“அப்ப கேஸ் கம்மியில்ல, ஜாஸ்தி. அதுக்கும் முன்னாடி வண்டிக்கு மூக்கடைச்சுக்கினு இருக்குது. எதுல ஓட்டனீங்க?”

“ரோட்டுலதான்.”

“நாளிக்கு வாங்க.”

வெள்ளிக்கிழமை போனேன். “ரோட்டுலதான்” என்றேன். “நாளிக்கு வாங்க” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர் மெக்கானிக்கா, மாஜிஸ்திரேட்டா?

உண்மையைச் சொல்லக் கூடாதா என்கிறீர்களா? எப்படி ஐயா சொல்வேன்! ரோட்டில் உளுந்தையும் எள்ளையும் பரப்பிவைத்து, போகிற வருகிற வண்டிகளை ஓசியில் கதிரடிக்க வைப்பவர்களை இதே பத்திரிகையில் இரண்டு பக்கம் விளாசியவன் நான். ‘சாலை என்ன இவர்கள் வீட்டுக் களமா?’ என்று முடித்திருந்தேன். பாராட்டிக் கடிதமெல்லாம் வந்தது.

வெள்ளிக்கிழமை இரவு மகள் போன் செய்தாள். “அப்பா, ஏசி இல்லன்னாலும் பரவால்லப்பா. நான் நம்ம வண்டியிலதான் வருவேன். ஈரத் துண்டு வெச்சுக்கறேன்.”

சனிக்கிழமை கடை திறக்கும் முன்பே ஸ்டூலில் இருந்தேன்.

“அண்ணே, போன மாசம் நம்ம நெலத்துல உளுந்து அறுத்தேன். கதிரடிக்கிற மெஷின் கிடைக்கல. ரோட்டுல பரப்பி, நானே காரை மேல ஓட்டனேன்.”

“எத்தன நடை?”

“ஒரு... பத்து.”

அவர் ஸ்பேனர் பக்கம் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

“நாப்பதுண்ணே.”

“இப்ப சொன்னீங்களே, இது மனுசனுக்கு அழகு” என்று எழுந்து வந்து, நம்பர் பலகை இடுக்கிலிருந்து ஒரு காய்ந்த உளுந்தங்காயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே தெரிகிற இடம். முதல் நாளே பார்த்திருக்கிறார் பாவி மனுஷன்! “கட்டுரையும் படிச்சேன் சார். நல்லா இருந்துச்சு.”

அதற்குப் பிறகு மின்னல் வேகம். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கன்டென்சரை, தகடு மடங்காமல் பின்பக்கமிருந்து மெல்லத் தண்ணீர் விட்டுக் கழுவினார். ஒரு முறம் உளுந்துப் பொட்டு கொட்டியது. மாட்டுக்குப் போடலாம். பிறகு கேஸை முழுக்க இறக்கி, அளவாக ஏற்றினார். கடைசியாகத் தேங்காயெண்ணெய்க் குப்பி ஒன்றை ஏசிக் காற்று வரும் இடத்தில் கட்டினார். அவருடைய தெர்மாமீட்டர் அதுதான்.

“மலையேத்துங்க. கியர் கம்மி பண்ணி மெதுவா ஏர்றப்பதான் ஏசி யோக்கியதை தெரியும்.”

அவரையும் ஏற்றிக்கொண்டு, உச்சி வெயிலில் கல்வராயன் மலைப்பாதை. மூன்றாவது வளைவில் எண்ணெய் கலங்கியது. ஐந்தாவது வளைவில் வெள்ளையாய் உறைந்துவிட்டது. நான் வண்டியை ஓரங்கட்டிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் வெளியே பார்த்தார்.

ஞாயிறு மதியம் மகளோடு திரும்பும்போது, பெருமை தாங்காமல் கடை வாசலில் நிறுத்தினேன். கை நிறைய வளையல்களோடு அவள் பின்சீட்டில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாக்குமூலம் எட்டிப் பார்த்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “கண்ணாடிய ஏத்துங்க சார், குளுரு போயிடப் போவுது” என்று கிசுகிசுத்தார்.

இப்போது பேரனுக்கு இரண்டு வயது. ஏசி இன்றைக்கும் நடுக்குகிறது. ஆனாலும் மாதம் ஒருமுறை அங்கே போய், “கூலிங் கொஞ்சம் கம்மியா இருக்குதுண்ணே” என்பேன். அவர் பானெட்டைத் திறக்காமல், ஸ்டூலைத் தட்டிப் போட்டு, இரண்டு டீ சொல்வார்.