தாழ்ப்பாளாகிப்போன ஹேண்டில்

மதிப்பிற்குரிய அண்ணா அவர்களுக்கு,

பதினோரு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும் என்று தோன்றிவிட்டதால் இதை எழுதுகிறேன். இங்கு அனைவரும் நலம். தங்கள் நலம் அறிய ஆவல் என்று எழுதுவது முறை. ஆனால் தாங்கள் நலமாக இருப்பது எங்கள் மாடியிலிருந்தே தெரிகிறது. ஒரே தெருவின் மேட்டு முனையில் நானும் பள்ளத்து முனையில் தாங்களும் குடியிருப்பதில் உள்ள ஒரே சௌகரியம் அதுதான். அண்ணியின் இருமல் குறைந்துவிட்டதாகக் காதில் விழுந்தது. சந்தோஷம். மரியாதைகள் இத்துடன் முடிந்தன.

அப்பா, "காரை ரெண்டு பேரும் சமமா வெச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மாமாவை நடுவில் உட்காரவைத்து நாம் செய்த பாகப்பிரிவினையை வேறு எந்தக் குடும்பமும் செய்திருக்காது. கார் எனக்கு, அதை ஸ்டார்ட் செய்யும் ஹேண்டில் தங்களுக்கு. ஸ்டார்ட்டர் மோட்டார் அப்பா காலத்திலேயே செத்துவிட்டது, முன் பம்பர் ஓட்டையில் அந்த இரண்டு மடிப்புக் கம்பியைச் செருகிச் சுற்றினால்தான் வண்டிக்கு உயிர் வரும் என்பதெல்லாம் தெரிந்தே கேட்டு வாங்கினீர்கள். "வண்டியை நீயே வெச்சுக்கோடா. எடுக்கணும்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேளு, போதும்" என்றீர்கள். அந்த ஒரு வார்த்தையை நான் கேட்கவில்லை. இனி என் பெயர் போட்டு உங்களுக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று மாமாவின் முன்னாலேயே சத்தியம் செய்துவிட்டு வந்தேன். பதினோரு வருடமாக வண்டி என் வாசலில் நகராமல் நிற்கிறது. இதில் ஜெயித்தது யாரென்று என் மனைவி அவ்வப்போது கேட்பாள். அவளுக்குக் கொள்கை என்றால் என்னவென்று தெரியாது.

சென்ற மாதம் நகராட்சி ஆள் வந்து முன்கண்ணாடியில் மஞ்சள் தாள் ஒன்றை ஒட்டிவிட்டுப் போனார். கைவிடப்பட்ட வாகனமாம். இருபத்தொரு நாளுக்குள் சொந்த இன்ஜினில் ஓடிக் காட்டாவிட்டால் லாரியில் தூக்கிப்போய் நசுக்கிவிடுவார்களாம். வாரம் தவறாமல் துடைக்கிற வண்டியைக் கைவிட்டதாகச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும். அன்றைக்கே மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். எதைக் கேட்டாலும் "பொறுமையா இருங்க சார்" என்பதால் அவருக்குப் பெயரே பொறுமை என்றாகிவிட்டது. பானெட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இன்ஜின் தங்கம் சார். ஸ்டார்ட்டர் கிடைக்காது, கிடைச்சாலும் இந்த வண்டியை வித்துத்தான் வாங்கணும். ஹேண்டில் இருந்தா காலணா செலவில்லை. எங்க சார் ஹேண்டில்?" என்றார்.

"இருக்கிற இடத்துல இருக்கு" என்றேன்.

அவர் தெருவின் கீழ்முனையை ஒருமுறை பார்த்தார். ஊரே அறிந்த விஷயம்தானே. "ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சிடும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு ஆகும் செலவு அவருக்கு எங்கே தெரியப்போகிறது.

ஆக, மிகக் குறைந்த செலவில் காரை ஓட்டும் வழி நூறு அடி தூரத்தில் இருந்தது. அதைத் தவிர்க்க நான் பட்ட பாட்டைத் தாங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். பழைய இரும்புக் கடையில் டயர் சல்லிசாகக் கிடைக்கும் என்று போனேன். நான்கு டயர் கிடைத்தது, மூன்று அளவில். மாட்டிப் பார்த்தால் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து பக்கத்து வீட்டுப் பேச்சை ஒட்டுக்கேட்பதுபோல நின்றது. பின்சீட்டைப் பிரித்தபோது உள்ளே ஓர் எலிக் குடும்பம் நம் குடும்பத்தைவிட ஒற்றுமையாகக் குடியிருந்தது தெரிந்தது. அதைக் கிளப்பிவிட்டதும், மெத்தைக்குத் துணி எதற்கு வாங்குகிறீர்கள் என்று என் மனைவி சோபாவுக்கு வாங்கி மிஞ்சியிருந்த பூப்போட்ட துணியை வைத்துத் தைத்துக் கொடுத்தாள். நன்றாகத்தான் தைத்தாள், ஆனால் அன்று வந்த என் மச்சான் அதில் ஏறி உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு காபி கேட்டுவிட்டான். பிறகு பெட்ரோல் டாங்க் ஒழுகியது. சோப்பைத் தேய்த்தால் ஓட்டை அடைபடும், பழைய டிரைவர்கள் செய்வதுதான் என்றார் பொறுமை. வீட்டில் இருந்தது வாசனை சோப்பு. ஒழுகல் நின்றுவிட்டது, ஆனால் வண்டியின் பக்கத்தில் போனால் யாரோ இப்போதுதான் குளித்துவிட்டு வந்ததுபோல இருக்கிறது. இதற்கும் நான் யார்மேலும் கோபப்படவில்லை.

கடைசியில் ஹேண்டிலையே புதிதாகச் செய்துவிடுவது என்று வெல்டிங் பட்டறைக்குப் போனேன். அசல் கையில் இல்லாததால் ஞாபகத்திலிருந்து அளவு சொன்னேன். பதினோரு வருடப் பகையில் அளவும் கொஞ்சம் கோணிவிட்டது போலும். செருகிச் சுற்றினேன், இன்ஜின் ஒருமுறை இருமிவிட்டுக் கம்பியைத் திருப்பி என் மணிக்கட்டில் அடித்தது. வலது கையில் மாவுக்கட்டு. இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், சிறுவயதிலிருந்து தாங்கள் சொல்லிவந்தது இன்றைக்குத்தான் உண்மையாகியிருக்கிறது.

கை போனாலும் மேடு இருக்கிறதே, தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று தெருவில் ஆறு பேரைச் சேர்த்தேன். அவர்கள் தள்ளினார்கள், நான் ஒற்றைக் கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். வண்டி வேகமாகத்தான் போனது. இரண்டாவது கியரில் கிளட்சை விட்டேன், குலுங்கியது, பிடிக்கவில்லை. மறுபடி விட்டேன், பிடிக்கவில்லை. அதற்குள் தெரு முடிந்துவிட்டது. நடைபாதையில் முட்டி, சரியாகத் தங்கள் கேட்டுக்கு எதிரே போய் நின்றது. பொறுமை பின்னால் ஓடிவந்து ஜன்னல் வழியாகக் குனிந்து மெதுவாகக் கேட்டார், "சார், சாவி போட்டீங்களா?"

சாவி என் சட்டைப்பையில் இருந்தது. இதைத் தள்ளியவர்களிடம் நான் சொல்லவில்லை. தாங்களும் சொல்லவேண்டியதில்லை.

சமதரையில் இந்தக் கனத்தைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியாது என்றார் பொறுமை. திரும்ப மேலே தள்ளலாமா என்று திரும்பிப் பார்த்தால் ஆறு பேரும் போய்விட்டார்கள். அவர்கள் கீழே தள்ளுவதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நடந்தபோது தாங்கள் வாசலில் நாற்காலி போட்டு நகம் வெட்டிக்கொண்டிருந்தீர்கள். தலையைத் தூக்கவில்லை. அடுத்த விரலுக்குப் போனீர்கள். அப்போதுதான் தங்கள் கேட்டின் தாழ்ப்பாளைப் பார்த்தேன். இரண்டு வளையத்துக்கும் குறுக்கே செருகியிருந்தது அப்பாவின் ஹேண்டில். அவர் கை பட்டுப் பட்டு வழவழவென்று இருந்த இடத்தில் உங்கள் கேட்டின் துரு. தெருநாய் உள்ளே வராமலிருக்க அதுதான் கிடைத்ததா?

இன்று காலை நகராட்சி ஆள் மறுபடி வந்தார். "நகர்ந்திருக்கே சார். தானா நகர்ந்துச்சா, நகர்த்தினீங்களா?" என்றார். இரண்டுக்கும் நடுவில் என்றேன். "வியாழக்கிழமை பத்து மணிக்கு லாரியோட வருவேன். ஓடினா கிழிச்சுப் போட்டுடறேன், ஓடலைன்னா ஏத்திடுவேன்" என்று மஞ்சள் தாளைத் தட்டிவிட்டுப் போனார். இன்று திங்கள்.

இப்போதும் நான் தங்களிடம் எதையும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை எழுத்தில் பதிவு செய்யத்தான் இந்தக் கடிதம். ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். அப்பா வெளியே கிளம்பும்போது தாங்கள் முன்னால் நின்று சுற்றுவீர்கள், நான் உள்ளே உட்கார்ந்து சோக் குமிழை இழுத்துப் பிடித்திருப்பேன். இன்ஜின் பிடித்ததும் "விடுடா" என்பீர்கள். ஒரு நொடி முன்னால் விட்டாலும் குட்டு, பின்னால் விட்டாலும் குட்டு. இரண்டு ஆள் வேலை அது. அதைத் தெரிந்துகொண்டே அப்பா சமமாக வைத்துக்கொள்ளச் சொன்னாரோ என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது. ஆனால் அந்தக் குட்டுகளை நான் மன்னிக்கவில்லை. ஹேண்டிலையும் மன்னிக்கவில்லை. வியாழக்கிழமை லாரி வரும்போது தாங்கள் மிச்சமிருக்கிற நகங்களை வெட்டிக்கொண்டு நிம்மதியாகப் பார்க்கலாம்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. தாங்கள் மூத்தவர், தங்களுக்கு ஆசி சொல்ல எனக்கு வயதில்லை, தப்பித்தீர்கள்.

இப்படிக்கு,

பின்குறிப்பு: மேலே "இப்படிக்கு" வரை எழுதிவிட்டு, பெயர் போடுவதா வேண்டாமா என்ற யோசனையோடு தபால் பெட்டி வரை போனேன். பெட்டி தங்கள் வீட்டுப் பக்கம்தான் இருக்கிறது, வேறு வழியில்லை. வண்டியின் முன்னால் பம்பர் ஓட்டையில் ஹேண்டில் செருகியிருந்தது. துரு தேய்த்து, முனையில் கிரீஸ் தடவி, மடிப்பு சரியான பக்கம் பார்த்து. தங்கள் கேட் துணி உலர்த்தும் கயிற்றால் கட்டியிருந்தது, நாய் உள்ளே படுத்திருந்தது. வாசலில் நாற்காலி காலி. ஜன்னலுக்குப் பின்னால் அண்ணி இருமுவது மட்டும் கேட்டது. போன வாரமே குறைந்துவிட்ட இருமல், என் காதில் விழட்டும் என்றே வந்ததுபோல இருந்தது.

ஆகவே மேலே உள்ள எதுவும் தேவையில்லை என்றாகிவிட்டது. ஆனால் ஆறு பக்கம் இடது கையால் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, ஸ்டாம்பும் ஒட்டியாகிவிட்டது. இன்று போட்டால் புதன்கிழமை கிடைக்கும். வியாழக்கிழமை ஒன்பதரைக்கு நான் வண்டிக்குள் சோக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், இந்தமுறை சாவி போட்டு. வெளியே சுற்ற ஒரு வலது கை வேண்டும். இதையும் நான் கேட்கவில்லை.

பெயர் விஷயத்தையும் முடிவு செய்துவிட்டேன். சத்தியம் சத்தியம்தான், எழுத்தும் என்னுடையது போல இல்லை. ஹேண்டிலை வைத்தவரும் பெயர் எழுதிவிட்டுப் போகவில்லை. கையெழுத்து இல்லாமலே பெட்டியில் போடுகிறேன்.