‘அவரிட்டச் சொல்லு, போட் சரியுது!’

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அது என்னையும் மாமியையும் இங்கிலாந்தில் ஒரு வாய்க்காலுக்குள் தாழ்க்கப் பார்த்தது.

பெண் பார்க்க அவர்கள் இருக்கும் ஆரா நகரத்துக்குப் போன அன்று, "தம்பிக்கு என்ன பொழுதுபோக்கு?" என்று மாமா கேட்டார். ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்கிறவனுக்கு நித்திரைதான் பொழுதுபோக்கு. ஆனால் வாய் சும்மா கிடக்கவில்லை. "போட் ஓடுவன்" என்றேன். (கிறைஃபன்சே ஏரியில் ஒரேயொரு முறை, காலால் மிதிக்கிற படகில், கரையை விட்டு விலகாமல். நீச்சலோ? ஷவருக்குக் கீழேயே கண்ணை இறுக்கி மூடுகிற ஆள் நான்.)

கலியாணம் முடிந்த அடுத்த கோடையில் என் மனைவி நிரோஜா, "நீங்கள்தான் ஓடுவீங்களே" என்று இங்கிலாந்து வாய்க்காலில் ஒரு கிழமைக்கு வீட்டுப் படகு ஒன்றை வாடகைக்கு எடுத்துவிட்டாள். பதினெட்டு மீற்றர் நீளம், இரண்டு மீற்றர் அகலம், முழுக்க இரும்பு. மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மாமி வந்தார்.

மாமியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் என்னோடு நேரே கதைக்க மாட்டார். கோபமில்லை, மரியாதை. மருமகனோடு மாமி வாய் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். ஒரே மேசையில் இருந்து சாப்பிடும்போதும், "நிரோ, அவரிட்டக் கேள், இன்னும் கொஞ்சம் புட்டு வேணுமோ எண்டு" என்பார். "போதும் எண்டு அம்மாவிட்டச் சொல்லும்" என்பேன். நடுவில் இருந்து நிரோஜா ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுவாள். செய்தி எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும்.

முதல் நாள் நான் படகை இரண்டு பாலங்களில் இடித்தேன். ஒரு மரக்கிளைக்குள் கொண்டுபோய்ச் செருகினேன். மாமி முன்பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரையில், சேலைக்கு மேலே மிதவைச் சட்டையும் காலில் மேசும் (காலுறைதான்) போட்டபடி, ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். இரவெல்லாம் எனக்கு நித்திரை வரவில்லை. அடுத்த நாள் 'லொக்' வரப்போகிறது.

லொக் என்பது வாய்க்காலில் இருக்கும் கிணறு. இரண்டு பக்கமும் பெரிய கதவு. படகை உள்ளே விட்டு, பின்கதவைப் பூட்டி, முன்கதவால் தண்ணீரைத் திறந்துவிட்டால் படகு மெல்லக் கீழே இறங்கும். பின்கதவடியில் தண்ணீருக்குள் ஒரு சீமெந்துத் திட்டு உண்டு. "லொக் சுவரில் கீறியிருக்கிற வெள்ளைக் கோட்டைத் தாண்டிப் பின்னால் மட்டும் போகாதே, பின்பக்கம் திட்டில் ஏறிவிடும்" என்று வாடகைக்குத் தந்தவர் மூன்று தரம் சொன்னார். நான் மூன்று தரமும் தலையாட்டினேன்.

நிரோஜா இரும்புக் கைபிடியோடு கரையில் இறங்கி, முன்கதவடியில் அதைச் சுற்றித் தண்ணீரைத் திறந்தாள். நான் பின்னால் சுக்கானைப் பிடித்தபடி நின்றேன். அப்போது மாமி கரையைப் பார்த்துச் சொன்னார்: "நிரோ, அவரிட்டச் சொல்லு, முன்பக்கம் கதவில இடிக்கப் போகுது."

"பின்னுக்கு எடுக்கட்டாம்!" என்று நிரோஜா கத்தினாள்.

மாமி சொல்லி மறுப்பதா? எடுத்தேன். வெள்ளைக் கோட்டையும் தாண்டி எடுத்தேன்.

கீழே 'கடக்' என்று ஒரு சத்தம். பின்பக்கம் இறங்காமல் அப்படியே நின்றுவிட்டது. முன்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போனது. உள்ளே கோப்பைகள் சலசலவென்று விழுந்தன. மாமியின் கதிரை முன்னுக்கு வழுக்கியது.

"நிரோ! அவரிட்டச் சொல்லு, போட் சரியுது!"

தண்ணீர் பாய்கிற இரைச்சலில் நிரோஜாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. குனிந்து கைபிடியைச் சுற்றிக்கொண்டே நின்றாள். எனக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது. ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் நான் கத்தினது என்ன தெரியுமோ?

"நிரோ! அம்மாவைக் கம்பியைப் பிடிக்கச் சொல்லும்!"

இருவரும் சாகப் போகிறோம், இருவரும் மூன்றாவது ஆளோடு கதைக்கிறோம். மாமியின் மேசுக் காலைத் தண்ணீர் நனைத்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிள்ளையாரே, இந்த மனுசிக்கு ஏதும் நடந்தால் நான் எந்த முகத்தோடு ஆராவுக்குப் போவேன் என்றுதான் நினைத்தேன்.

மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். திரும்பினார். முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

"டேய் ரூபன்! பேயன் மாதிரி நிக்கிறாய்! கோணை அடிச்சு மனிசியைக் கூப்பிடடா!"

சுக்கானுக்குப் பக்கத்தில் இருந்த ஹோர்னை அடித்தேன். நிரோஜா நிமிர்ந்து பார்த்து வீரிட்டாள். தண்ணீரை அடைத்தாள். பின்னால் காத்திருந்த படகுக்காரர் ஓடி வந்து பின்கதவால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை விட்டார். கால் மணித்தியாலத்தில் படகு பழையபடி மிதந்தது.

முன்பக்கம் போய், "மாமி, எனக்குப் போட் ஓடத் தெரியாது. நீந்தவும் தெரியாது. பொய் சொல்லிப்போட்டன்" என்றேன்.

"நீ ஓடின வடிவு நேற்றே தெரிஞ்சது" என்றார் மாமி, நனைந்த மேசுகளைப் பிழிந்தபடி. "மருமகனுக்குச் சொல்லக் கூடாதெண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். இனிப் பொத்தமாட்டன்."

சொன்ன சொல் தவறவில்லை. இன்றைக்கும் ஆராவில் எந்தக் கலியாண வீட்டு மண்டபத்திலும், இருநூறு பேருக்கு நடுவில், "டேய் ரூபன்" என்றுதான் கூப்பிடுகிறார். ஏனென்று கேட்கிறவர்களுக்கு லொக் கதை முழுவதும் கிடைக்கும். ஒவ்வொரு தரமும் தண்ணீர் அரை அடி கூடுகிறது.

இப்போது அம்மாவும் மகளும் கோபித்துக்கொண்டால், நடுவில் இருப்பவன் நான். போன ஞாயிறும் மாமி சோபாவின் அந்தப் பக்கத்தில் இருந்து, "டேய், உன்ரை மனிசியிட்டச் சொல்லு, கறிக்கு உப்புக் காணாது எண்டு" என்றார். நிரோஜா இந்தப் பக்கத்தில்தான் இருந்தாள், ஒரு முழத் தூரத்தில். ஆனாலும் நான் அந்தக் கணமே, சத்தமாக, ஒரு சொல் குறையாமல் சொல்லிவிட்டேன்.