வெறுந்தண்ணி வரிசை

“சார், கொஞ்சம் வெளிய வந்து பாருங்க. எனக்கு அழுகையா வருது.”

மாணவி சீனித்தாய் இப்படிச் சொன்னதும், தாவரவியல் விரிவுரையாளர் வேணுகோபால் மென்றுகொண்டிருந்த சோம்பை அப்படியே விழுங்கிவிட்டு ஓடினார்.

ஆய்வுக்கூடத்துக்குப் பின்னால் இரண்டு வரிசையாகத் தொட்டிகள். எல்லாவற்றிலும் ஒரே கரிசல் மண், ஒரே பாசிப்பயறு. இடது வரிசைக்கு ஆட்டுப் புழுக்கையை ஊறவைத்து வடித்த தண்ணீர். வலது வரிசைக்கு வெறும் தண்ணீர். எது நன்றாக வளர்கிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆராய்ச்சி. சின்னப் பிள்ளைகூடப் பதில் சொல்லிவிடும். செடிகள் மட்டும் வேறு பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

“வெறுந்தண்ணி குடிச்ச செடி என் முழங்கால் ஒசரம் நிக்கு. புழுக்கத் தண்ணி குடிச்சது கணுக்காலத் தாண்டல. இது எந்த ஊரு நியாயம் சார்?”

வேணுகோபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். செடிகள் அப்படியேதான் நின்றன.

“பதறாத தாயி. ஆராய்ச்சின்னா உள்ளத உள்ளபடி சொல்லணும். மறைக்கப் பிடாது. அதான் சயின்ஸ்.”

அவர் வாயில் நாளைக்குப் பத்துத் தரம் வருகிற வசனம் அது.

“அப்ப எங்க ஆட்டுப் புழுக்க பச்சத்தண்ணியவிட மட்டம்னு எழுதணுமா? எங்க அப்பா ஊருக்குள்ள தலகாட்ட முடியுமா சார்?”

அவள் கவலை நியாயமானதுதான். சீனித்தாய்க்குச் சொந்த ஊர் பசுவந்தனை. அப்பா முப்பிடாதி ஆடு மேய்க்கிறவர். மகள் படிப்புக்கு நம் ஆட்டுப் புழுக்கை உதவுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து மனிதர் தரையில் நடக்கவில்லை. வாராவாரம் டவுன் பஸ்ஸில் ஒரு சாக்குப் புழுக்கையை ஏற்றி, கண்டக்டரோடு மல்லுக்கட்டி, கல்லூரி வாசலில் கொண்டுவந்து இறக்கிவிடுவார்.

தொண்ணூற்றெட்டாம் வருடக் கோடையில்தான் இந்த ஆராய்ச்சித் திட்டம் முதன்முதலாகக் கோவில்பட்டிக் கல்லூரிக்கு வந்திருந்தது. மே மாதக் கடைசியில் மதுரையிலிருந்து பேராசிரியை கல்யாணசுந்தரி பார்வையிட வருவார். உருப்படியாகச் செய்த ஒரு பிள்ளையைத் தன் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொள்வார், மேற்படிப்புக்கும் கைகொடுப்பார். சீனித்தாய்க்கு மேலே படிக்க அந்த ஒரு வழிதான். வேணுகோபாலுக்கும் அது தெரியும். சொந்த மகளுக்கு வரன் பார்க்கிறவரைப் போலத் தவித்துக்கொண்டிருந்தார்.

முதலில் அவர் சந்தேகம் மாரிராஜ் மேல் விழுந்தது. சீனித்தாயோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்கிற பையன், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி மகன். காதில் எந்நேரமும் பாட்டு.

“ஏலே, பாட்டுக் கேட்டுக்கிட்டே வாளிய மாத்தி ஊத்திட்டியா?”

“எங்கம்மா சத்தியமா இல்ல சார்! மூக்கு இருக்குல்ல? புழுக்கத் தண்ணி எதுன்னு மூக்கே சொல்லிருமே!”

அதுவும் சரிதான். ஆனாலும் மாரிராஜிடமிருந்து வாளியைப் பிடுங்கிச் சீனித்தாயிடம் கொடுத்தார். பையன் கோபித்துக்கொண்டு அவளோடு பேசுவதை விட்டான். வலது வரிசை இன்னும் ஒரு விரற்கடை வளர்ந்தது.

“புழுக்கத் தண்ணி பத்தல போல. ரெட்டிப்பா ஊத்து,” என்றார் வேணுகோபால்.

ரெட்டிப்பாக ஊற்றினார்கள். இடது வரிசை இலையெல்லாம் மஞ்சள் பூத்துத் தலையைத் தொங்கப்போட்டது. சீனித்தாய் தாவணியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டிலும் அவருக்கு நிம்மதி இல்லை. சர்க்கரை நோய் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மனைவி சுந்தரம்மாள் சோற்றை நிறுத்திவிட்டு, தினமும் தூக்குவாளியில் கேப்பைக் கூழ் கொடுத்தனுப்பினாள். மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் அரிந்து போட்ட கூழ். சாயங்காலம் தூக்குவாளி ஒரு சொட்டு மிச்சமில்லாமல், கழுவித் துடைத்து, பளபளவென்று வீடு திரும்பும். அதில் அந்த அம்மாளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

ஆனால் ரத்தப் பரிசோதனைக் காகிதம் வேறு சொன்னது.

“ஏங்க, கூழு குடிச்சும் சுகர் ஏறிக்கிட்டே போவுதே! என்ன மாயம்னே தெரியலியே!”

“கோடக்காலம்லா? சூட்டுக்கு அப்படித்தான் ஏறும்.”

“நாளையிலருந்து இன்னொரு கரண்டி கூட ஊத்துதேன்.”

வேணுகோபால் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

கடைசியாக அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. யாரோ வலது வரிசையில் கைவைக்கிறார்கள். தொட்டிகளைப் பூட்டி வைத்துவிட்டால் தீர்ந்தது. ஆய்வுக்கூடத்தை ஒட்டிக் கம்பிவலை போட்ட கூண்டு ஒன்று இருந்தது. வலது வரிசையை அதற்குள் ஏற்றிப் பூட்டிச் சாவியை உதவியாளர் இசக்கிதுரையிடம் கொடுத்தார்.

இசக்கிதுரையைவிட நம்பிக்கையான ஆள் அந்தக் கல்லூரியிலேயே கிடையாது. மகா இரக்கசாலி. பக்கத்து விலங்கியல் துறையில் அறுக்கிற தவளையைக்கூட ஒரு தடவு தடவி, ‘போயிட்டு வா’ என்று சொல்லித்தான் தட்டில் வைப்பார்.

“இசக்கி, இனி இந்தச் செடிங்க உன் பொறுப்பு. பச்சத்தண்ணி மட்டுந்தான் ஊத்தணும். ஒரு ஈ காக்கா கிட்ட வரப்பிடாது. பெத்த பிள்ள மாதிரிப் பாத்துக்கோ.”

“பிள்ள மாதிரி பாத்துக்கிடுதேன் சார்,” என்று இசக்கிதுரை நெஞ்சில் கைவைத்துச் சொன்னார்.

பத்தே நாளில் வலது வரிசை கம்பிவலைக்கு வெளியே தலையை நீட்டிப் பூத்துவிட்டது. வேணுகோபால் கூண்டுக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

அதற்குள் மதுரை அம்மையார் வரும் நாளும் வந்துவிட்டது. அன்றைக்கென்று கூட்டத்துக்குக் குறைவில்லை. முப்பிடாதி சலவை வேட்டியும் தோளில் ஒரு சாக்குமாக வந்து நின்றார். மதுரை அம்மாவுக்கும் சேர்த்துப் பெரிய தூக்குவாளி நிறையக் கூழோடு சுந்தரம்மாள் வந்துவிட்டாள்.

கல்யாணசுந்தரி அம்மையார் இரண்டு வரிசையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இதுக்கு வெறும் தண்ணியா? நான் நம்பமாட்டேன். நீ என்னம்மா நினைக்கிற?”

சீனித்தாய் தலையை நிமிர்த்தினாள். “நானும் நம்பல மேடம். யாரோ என்னமோ ஊத்துதாவ. அது என்னன்னு தெரியாம, எங்க புழுக்க மட்டம்னு எழுத மாட்டேன்.”

அம்மையார் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. “சரியாச் சொன்ன. ஆனா என்ன ஊத்தினாங்கன்னு தெரியணும். தெரிஞ்சா, உன்னை மதுரைக்குக் கூட்டிட்டுப் போய் இதே ஆராய்ச்சிய முதல்லருந்து செய்யவைப்பேன். தெரியலன்னா, கவனமில்லாமச் செஞ்சதுன்னுதான் எழுத முடியும்.”

முப்பிடாதி சாக்கை மெதுவாகக் கீழே இறக்கிவைத்தார். சீனித்தாயின் கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று கொட்டத் தொடங்கியது.

வேணுகோபால் முன்னால் வந்தார். அங்கே போட்டிருந்த மேசையில் ஓங்கித் தட்டினார்.

“யாரா இருந்தாலும் சொல்லிருங்க! நான் ஒரு வார்த்த கோவிக்க மாட்டேன், இது சத்தியம். ஒரு பிள்ள எதிர்காலம்ப்பா இது! எதையும் மறைக்காதீங்க. உள்ளத உள்ளபடி சொல்லுங்க!”

டீத் தட்டோடு ஆய்வுக்கூடக் கதவோரம் நின்ற இசக்கிதுரை, அழுகிற பிள்ளையையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

“நாந்தாம்மா ஊத்துனேன். சார் தெனமும் மத்தியானம் பரோட்டா திங்கப் போவயில, ‘இந்தக் கூழ நீ குடிச்சிரு இசக்கி’ன்னு தூக்குவாளிய எங்கிட்ட குடுத்துட்டுப் போவாவ, எனக்குக் கூழுன்னா ஆவாது, அம்மா ஆசையா காச்சுனதக் கீழ கொட்டவும் மனசு வரல, பாவம் வெறுந்தண்ணியக் குடிச்சிட்டுக் கெடக்குதேன்னு அந்தச் செடிவளுக்கு ஊத்திட்டேன்.”