இன்டர்வியூவுக்கு யூனிஃபார்ம்

“மூச்சு முட்டுதுப்பா.”

“முட்டட்டும். டைன்னா அப்படித்தான் இருக்கும்.” அப்பா இன்னொரு இழுப்பு இழுத்தார்.

வேலைக்கு இன்டர்வியூ. நான் போட்டிருந்ததோ பள்ளிக்கூட யூனிஃபார்ம். சாம்பல் பாவாடை, வெள்ளைச் சட்டை, கழுத்தை நெரிக்கும் கோடு போட்ட டை. பள்ளிக்கூடத்தை விட்டு நாலு மாதமாகிறது. பரீட்சையில் இரண்டு பாடம் போனது. போனது போகட்டும் என்று நானும் போகவில்லை. படுக்கையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சுவரில் ஒன்றுமில்லை. அதனால்தான் பார்த்தேன்.

என்னை எப்படி எழுப்புவது என்பதுதான் வீட்டில் சண்டை. பள்ளிக்கூடம் என்றார் அப்பா. வேலை என்றாள் அம்மா. கடைசியில் ஓர் ஒப்பந்தம். அம்மா வேலை பார்க்கும் லாண்டரியில் யாரோ சொன்ன ஒரு துணிக்கடைக்கு ஒரே ஒரு தடவை போக வேண்டும். எடுத்துக்கொண்டால் வேலை. இல்லையென்றால் திங்கட்கிழமை பழைய வகுப்பு, என்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. என்ன உடுத்திக்கொண்டு போவது என்பதை மட்டும் அப்பாதான் முடிவுசெய்வாராம்.

“அந்த நீல கவுனைப் போடட்டுமேங்க,” என்றாள் அம்மா.

“வேண்டாம்.”

“பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி போய் நின்னா யாருங்க வேலை குடுப்பா?”

“குடுக்கலைன்னா போகட்டும்.”

“அதானே பார்த்தேன்.”

“என்ன அதானே?”

“ஒண்ணுமில்லை. உங்க பொண்ணு, உங்க இஷ்டம்.”

அம்மா இத்தனை சுலபமாக விட்டுக்கொடுத்து நான் பார்த்ததேயில்லை. அப்பா மீசைக்குள் சிரித்துக்கொண்டார். வீடுவீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிப்பது அவர் வேலை. அம்மா முகத்தை மட்டும் படிக்கத் தெரியாது.

வெளியே மழை. நானும் அப்பாவும் ஒரே குடைக்குள் நடந்தோம்.

“அம்மாடி, எது கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிடு.”

“எனக்கு நெஜமாவே ஒண்ணும் தெரியாதுப்பா.”

“ரொம்ப நல்லது.”

அம்மா சொன்ன அடையாளம், மருந்துக்கடைக்கு அடுத்த கடை. போய் நின்றோம். கண்ணாடிக்குள்ளே தலையில்லாத பொம்மைகள் வரிசையாக நின்றன. எல்லாம் என்னைப் போலவே உடுத்தியிருந்தன. சாம்பல் பாவாடை, வெள்ளைச் சட்டை, டை. மேலே பலகை: ‘பள்ளிச் சீருடைகள் மட்டும்.’

அப்பா குடையை மடக்க மறந்து உள்ளே நுழைந்தார். குடை வாசலில் சிக்கிக்கொண்டது.

உள்ளே மூன்று பெண்கள் மினுமினுவென்று உடுத்திக்கொண்டு காத்திருந்தார்கள். முதலாளியம்மா கழுத்தில் அளவு டேப்போடு வந்து என்னை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

“டை யாரு கட்டிவிட்டது?”

“அப்பா.”

“மத்ததெல்லாம் கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்திருக்கு. இது ஒண்ணுதான் கடையைத் தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கு.”

அப்பா குடையை விட்டுவிட்டு ஓடிவந்தார். “அம்மா, இவ கணக்குல ஃபெயில்.”

“கணக்கை மெஷின் பார்த்துக்கும்.”

“காலைல எழுந்திரிக்கவே மாட்டா.”

“கடை திறக்கிறதே பத்து மணிக்கு.”

“யாரோடயும் பேச மாட்டா.”

“இங்க வேலை பார்க்கிறதெல்லாம் பேசியே கொல்லுதுங்க. இவ வரட்டும்.” என் பக்கம் திரும்பினாள். “நாளைலேர்ந்து இதே உடுப்புல வந்துடு. வாசல்ல நில்லு. வர்றவங்க உன்னைப் பார்த்து வாங்கணும்.”

பள்ளிக்கூடத்திலாவது ஞாயிற்றுக்கிழமை யூனிஃபார்ம் கிடையாது. இங்கே ஞாயிறும் கடை உண்டு.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“எடுத்துக்கிட்டாங்களா?”

“என்ன கடைன்னு நீ சொல்லவே இல்லையே!” என்றார் அப்பா.

“துணிக்கடைன்னேனே. என்ன துணின்னு நீங்கதான் கேக்கலை.”

“நீல கவுன் போடச் சொன்னியே?”

“சொன்னேன். நீங்கதான் வேண்டாம்னீங்க. நான் சொல்லி நீங்க எதை வேணும்னிருக்கீங்க?”

அப்பா அலமாரியைத் திறந்து பார்த்தார். நானும் பார்த்தேன். நாலு மாதமாக மூலையில் சுருண்டு கிடந்த யூனிஃபார்ம் அன்று காலையில் இஸ்திரி போட்டு, கை வைத்ததும் எடுக்கிற மாதிரி எல்லாவற்றுக்கும் முன்னால் தொங்கியது எப்படி என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கும்தான். அலமாரியை மெல்லச் சாத்தினார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

“ரெண்டு நாள்ல சரியாயிடுவார். நீ சுவரைப் பார்த்துக் கிடக்காம இருந்தா அதுவே போதும்,” என்றாள் அம்மா.

மறுநாள் பொம்மைகளுக்குப் பக்கத்தில் நின்றேன். எனக்குத் தலை இருந்தது, அது ஒன்றுதான் வித்தியாசம். பள்ளிக்கூடம் விட்டதும் என் பழைய வகுப்புக்காரி ஒருத்தி நின்று, “என்னடி, திரும்பச் சேர்ந்துட்டியா?” என்றாள். பக்கத்துப் பொம்மை மாதிரி நானும் பேசாமல் நின்றேன்.

சாயங்காலமும் மழை விடவில்லை. கடையடைக்கும் நேரத்தில் எதிர்ப்பக்க நடைபாதையில் அப்பா குடையோடு நிற்பது தெரிந்தது. உள்ளே வந்து முதலாளியம்மாவிடம் ஒரு வார்த்தை பேசி, என்னை அழைத்துக்கொண்டு வரச் சொல்லித்தான் அம்மா அனுப்பியிருந்தாள். சிக்னல் விளக்கு பச்சையானது, சிவப்பானது, மறுபடி பச்சையானது. அவர் சாலையைக் கடக்கவில்லை.