குல்லா சார் பூட்டிய தராசுகள்

எனக்கு அறுபத்தொன்பது வயது. வயிற்றில் சுமந்தது மூன்று, நாத்தனார் விட்டுப்போனது இரண்டு. ஐந்தையும் நானே வளர்த்து ஆளாக்கினேன். அந்த ஐந்து பேரும் கொடுத்த தொல்லையை ஒரு மூட்டையாகக் கட்டினாலும், குல்லா சார் ஒருவர் கொடுத்த தொல்லைக்கு முன்னால் அது வெறும் சுருக்குப் பை.

ஒரகடத்திலிருந்து உள்ளே தள்ளி, எலக்ட்ரானிக் தராசு செய்யும் சின்னக் கம்பெனி. முட்டி மக்கர் செய்யும்வரை அங்கே நான் ஹவுஸ்கீப்பிங், அவர் இன்ஜினியர். ஒவ்வொரு தராசுக்குள்ளும் ஒரு பச்சை போர்டு, அதில் மொச்சைக்கொட்டை அளவுகூட இல்லாத ஒரு சிப். ஒரு கிலோ என்றால் எவ்வளவு என்பதைத் தராசுக்குச் சொல்லும் கணக்கை அந்தச் சிப்பில்தான் எழுதுவார்கள். அழித்துவிட்டுத் திரும்பவும் எழுதலாம். வந்தது வினை அதில்தான். கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும்போது போர்டு தடுமாறி, எழுதியதன் மேலேயே கிறுக்கிவிடும். அப்புறம் அந்தத் தராசுக்குக் கத்தரிக்காயும் கருங்கல்லும் ஒரே எடை.

சார் இதற்கு வழி கண்டார். போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கம்பிகளின் மேல் அரிசி அளவு கறுப்பு மூடி ஒன்றைச் செருகினால் சிப் பூட்டிக்கொள்ளும். யார் என்ன எழுதினாலும் ஏறாது; மூடியைக் கழற்றினால்தான் ஏறும். லைன் பெண்கள் அதற்குக் குல்லா என்று பெயர் வைத்தார்கள். ஏசிக்குப் பயந்து சித்திரை மாதத்திலும் மங்கி குல்லாவோடு திரிந்தவருக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

சிப்போடு விட்டாரா மனிதர்? சுவிட்சின் மேல் டேப். பேனா மூடியின் மேல் ரப்பர் பேண்டு. ஒருநாள் கேன்டீன் சுவரைத் துடைக்கப் போனேன். ஓடிவந்தார்.

"ஆயாம்மா! அதை அழிச்சிடாதீங்க!"

"சார், அது எழுத்து இல்ல. சாம்பாரு."

"இருக்கட்டும். யாராவது எதுக்காவது வச்சிருப்பாங்க."

போன மழைக்காலத்தில் ஒரு பெரிய ஆர்டர். சாயங்காலம் லாரி. காலையிலிருந்தே கரண்ட் கண்ணாமூச்சி ஆடியது. எழுதியது எங்கே அழிந்துவிடுமோ என்று சாருக்குப் பயம். போர்டுகள் லைனில் வரவர, தன் கையாலேயே குல்லா போட்டுப் போட்டுத் தள்ளினார். அடுத்த மேஜையில் லைன் பெண் செல்வி, சிப்பில் கணக்கை எழுதும் மெஷினின் பட்டனை அமுக்கினாள். பச்சை விளக்கு எரிந்தது. அந்த மெஷின் எழுதி அனுப்பும், அவ்வளவுதான். சிப் வாங்கிக்கொண்டதா என்று கேட்காது.

மத்தியானம் தராசில் எடைக்கல்லை வைத்தார்கள். ஒன்றும் காட்டவில்லை. அடுத்தது? அதுவும் இல்லை. மொத்தமும் ஊமை.

செல்விதான் முதலில் பிடித்தாள். "சார், எழுதறதுக்கு முன்னாடியே குல்லா போட்டுக்கிறீங்க! காலி வூட்டுக்குப் பூட்டு போட்டு இன்னா சார் பண்றது?"

முதலாளி வந்து சாரிடம் சொன்னார். "லாரி போகலன்னா நாளைக்கு நீங்களும் வரவேணாம்." எல்லோர் காதிலும் விழுந்தது.

சார் மெதுவாகத் தலையிலிருந்த குல்லாவைக் கழற்றினார். அன்றுதான் அவர் தலையைப் பார்த்தோம். நாமக்கட்டிபோல வழவழவென்று இருந்தது. ஒருத்தியும் சிரிக்கவில்லை.

"தப்பு என்னோடதும்மா. ஷிப்ட் முடிஞ்சா நீங்க கிளம்புங்க."

வெளியே நாங்கள் வீட்டுக்குப் போகும் படப்பை ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. செல்வி எட்டிப் பார்த்து, "நீ போய்க்கினே இருண்ணா!" என்று கத்தினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆயா, உனுக்கு நகம் நல்லா கீது. வந்து குந்து."

நான் குல்லாவைப் பிடுங்கினேன். செல்வி எழுதினாள். மற்றவர்கள் திரும்பப் போட்டார்கள். சார் ஒவ்வொரு போர்டின் முன்னாலும் வந்து நின்று, "எழுதியாச்சா? தராசுல போட்டுப் படிச்சுப் பார்த்தாச்சா?" என்று உயிரை வாங்கினார்.

"பார்த்தாச்சு சார்! அப்பால போங்க சார்!"

விளக்கு வைக்கிற நேரத்துக்கு லாரி கேட்டைத் தாண்டியது. முதலாளி காரில் ஏறினார். மறுநாள் சார் வழக்கம்போல வந்தார், குல்லாவோடு. ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு தம்ளரையும் மூடிவைத்துத்தான்.

இப்போது அவர் வாலாஜாபாத் பக்கம் வேறு கம்பெனியில் இருக்கிறாராம். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் பேத்தி போனில் டைப் அடித்தாள். அடித்த கையோடு பத்திரிகைக்கு அனுப்பப் பார்த்தாள்.

"இருடி, மொதல்ல படிச்சுக் காட்டு. இதைப் பார்த்தா அந்த மனுசன் ஒரு தபா நம்ம வூட்டுக்கு வந்து சாப்ட்டுப் போவணும்னு சொன்னேனே, அது ஏறிச்சா பாரு."