அக்கா என்று கூப்பிட்ட கீரி

ஒரு காட்டில், செல்போன் டவர் வந்த பிறகும் வரி என்றால் என்னவென்றே தெரியாத ஒரு மலை இருந்தது. அங்கே கரடிகள் காலங்காலமாகத் தேன் எடுத்துப் பிழைத்துவந்தன. சிங்க ராஜாவின் வரித்துறை சும்மா இருக்குமா? வருஷா வருஷம் தண்டோராவோடு கழுதைப்புலிகளை அனுப்பும். சத்தம் கேட்டதுமே கரடிகள் பாறை உச்சிக்குப் போய்விடும். கழுதைப்புலிகள் கீழே நின்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, பயணப்படியை வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேரும்.

கடைசியில் தலைமை அலுவலகத்தில் கூட்டம் போட்டு, போண்டா தின்று, ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனி மலைவாசிகளை மிரட்டுவதில்லை, உறவாடுவது. அதற்கென்று குலசேகரன் என்கிற கீரியைப் பிடித்து ஏசி அறையில் பயிற்சி கொடுத்தார்கள். தரையில் சம்மணம் போடுவது எப்படி, கொடுத்ததை முகம் சுளிக்காமல் தின்பது எப்படி என்றெல்லாம் பாடம். முக்கியமான பாடம், எல்லாரையும் உறவுமுறை சொல்லிக் கூப்பிடுவது.

மலையில் மாதி என்ற கரடிக்கு அப்போது வேறு கவலை. மழை நெருங்கிவிட்டது. அதற்குள் தேன் எடுக்காவிட்டால் மழைக்காலம் முழுக்கக் குட்டிகளுக்குப் பட்டினிதான். அவள் புருஷன் பெள்ளன், மேலே மரத்தில் கயிறு கட்டி, தேனடை தொங்கும் செங்குத்துப் பாறையில் இறங்கத் தயார். ஆனால் மேலே கயிற்றைக் காவல் காக்க ஆளில்லை.

அந்தக் கயிற்றைப் பெண்டாட்டியின் தம்பிதான் காக்க வேண்டும் என்பது கரடிகளின் வழக்கம். அக்காளை விதவையாக்க எந்தத் தம்பிக்கும் மனசு வராதாம். பெண்டாட்டியே காக்கக் கூடாதா என்றால், கூடாது. காலையில் போட்ட சண்டை ஞாபகம் வந்துவிடுமாம்! மாதியின் தம்பியோ மிருகக்காட்சிசாலையில் வேலைக்குப் போனவன், "பர்மனென்ட் ஆயிட்டேன், வேளாவேளைக்குச் சாப்பாடு" என்று சொல்லி அனுப்பிவிட்டான். பாவி, நன்றாயிருக்கட்டும் என்று மாதி அழுதுகொண்டே வாழ்த்தினாள்.

அந்த நேரம் பார்த்து வந்து நின்றது கீரி.

"வணக்கம் அக்கா!"

மாதி மூக்கைத் துடைத்தாள். "என்ன சொன்னே?"

"அக்கான்னு சொன்னேன் அக்கா. என்னை உங்க கூடப்பொறந்தவனா நெனச்சுக்குங்க."

"ஏங்க! ஓடியாங்க! என் தம்பி வந்துட்டான்!" மாதி போட்ட சத்தத்தில் மலையே திரும்பிப் பார்த்தது.

வந்த காரியத்தைச் சொல்ல வாய் திறப்பதற்குள், கயிறு கட்டிய மரத்தடியில் கீரியை உட்கார வைத்தாகிவிட்டது. "வரேன் மச்சான்" என்று பெள்ளன் பாறையில் இறங்கினான். "ச...சரிங்க மாமா" என்றது கீரி. பாடத்தில் இந்த இடம் வரவே இல்லை.

தேனீக்கள் கிளம்பி வந்து முதலில் கீரியின் மூக்கைத்தான் விசாரித்தன. அந்நேரம் போன் அடித்தது. மேலதிகாரி கழுகு.

"யோவ் குலசேகரா, மீட்டிங் ஆரம்பிச்சாச்சு. உடனே கெளம்பி வா!"

"ஐயா, மாமா தொங்கிட்டிருக்காரு."

"எந்த மாமாய்யா?"

கீரி பதில் சொல்வதற்குள் முடிச்சு சர்ரென்று நழுவியது. மாதிக்கு உயிரே போய்விட்டது. கயிற்றைத் தொடவும் முடியாமல் வயிற்றில் அடித்துக்கொண்டு, "தம்பீ!" என்று அலறினாள். கீரி போனை வீசிவிட்டுக் கயிற்றைப் பல்லால் கவ்வி, மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடியது. கயிறு இறுகி நின்றது. பெள்ளன் தேனடைகளோடு முழுசாக மேலே வந்து சேர்ந்தான்.

தேனைப் பங்கு வைத்தார்கள். இறங்கினவனுக்கு எவ்வளவோ அவ்வளவு கயிறு காத்த மச்சானுக்கும். மூஞ்சி பூசணிக்காயாக வீங்கியிருந்த கீரிக்கு அப்போதுதான் வேலை ஞாபகம் வந்தது.

"அக்கா, நான் வந்தது... வரி வாங்க."

"அதுக்கென்ன தம்பி! வெளியாள் யாராவது கேட்டா மச்சான் பங்குலருந்து எடுத்துக் குடுக்கறதுதான் எங்க வழக்கம்."

"அப்ப இத்தனை வருஷமா ஏன் குடுக்கல?"

"மரியாதையா யாரு கேட்டா?"

கீரி தன் பங்கைத் தானே சுமந்துபோய் அலுவலகத்தில் கட்டியது. மலையிலிருந்து முதல்முதலாக வரி! மாலை போட்டார்கள், கைதட்டினார்கள், கீரியின் வீங்கிய மூஞ்சியோடு போட்டோ எடுத்தார்கள். பிறகு தணிக்கையில் உட்கார்ந்த ஆந்தை, கட்டியவர் பெயர் குலசேகரன் என்பதைக் கவனித்தது. அந்த மலையில் வரி கட்டக்கூடிய ஒரே ஆள் இவர்தான் என்று முடிவாகி, அடுத்த வருஷத்துக்கும் நோட்டீஸ் போனது.

அடுத்த தேன் பருவத்தில் கீரி மூச்சிரைக்க மலையேறி வந்தது. "அக்கா, எனக்கே நோட்டீஸ் விட்டுட்டாங்கக்கா!"

மாதி அதன் கண்ணைத் துடைத்துவிட்டாள். "அழாதே தம்பி, அக்கா இருக்கேன். முதல்ல போய்க் கயித்தப் புடி, மாமா இறங்கிட்டாரு."

நீதி: வரி வாங்கப் போன வீட்டில் யாரையும் அக்கா என்று கூப்பிடாதே; கூப்பிட்டால் அந்த வீட்டு வரியை நீதான் கட்ட வேண்டும்.