நம் கொல்லையில் மட்டும் பெய்த மழை

அன்பு மருமகள் ரோஷினிக்கு,

திருச்சுழியிலிருந்து உன் தாய்மாமன் ராஜகுரு ஆசீர்வதித்து எழுதுவது. இங்கு நானும் உன் அத்தையும் மளிகைக் கடையும் சுகம். இன்வெர்ட்டர் மட்டும் சுகமில்லை. அதை நான் பிரித்துப் போட்டிருக்கிறேன். மதுரையில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று அத்தை கேட்கச் சொன்னாள்.

எலக்ட்ரானிக்ஸ் பைத்தியம் பிடித்த மாமன் போனை விட்டுவிட்டு ஏன் தாளில் எழுதி பஸ்ஸு கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புகிறான் என்று யோசிப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை. நேற்று நீ கூப்பிட்டு, "மாமா, காரியாபட்டி, பாலவனத்தம், வீரசோழன் எங்கயும் ஒரு சொட்டு இல்ல, வெள்ளிக்கிழமை நம்ம கொல்லையில மட்டும் ஒன்பது சென்டிமீட்டர்! எங்க புரொபசர் சாரு துள்ளிக் குதிக்கிறாக, திங்கக்கிழமை கருத்தரங்குல என்னையே பேசச் சொல்லிட்டாக"ன்னு மூச்சு விடாமச் சொன்ன. அந்தச் சந்தோஷத்துல மண்ணள்ளிப் போட எனக்கு மனசு வரல. "ரொம்பச் சந்தோஷம்மா" என்று வைத்துவிட்டேன்.

அது உன் அத்தை பெய்த மழை, தாயி.

உன் ஆராய்ச்சிக்காக நான் என் கையால் செய்து கொல்லையில் நட்ட மழைமானி உனக்குத் தெரியும். உள்ளே இருக்கும் சின்னக் கரண்டி நிறைந்து கவிழ்ந்தால் உன் கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். அழகுக்கு, கரண்டி கவிழும்போதெல்லாம் மினுக்குகிற ஒரு சிவப்பு லைட்டும் வைத்தேன், அதுதான் வினையாப்போச்சு. வெள்ளிக்கிழமை நான் சரக்கெடுக்க அருப்புக்கோட்டை போயிருந்த நேரம், தெருப் பொம்பளைக எல்லாம் மழை வேண்டிப் பிள்ளையாருக்குக் குடம் குடமாகத் தண்ணி ஊத்தியிருக்காக. அப்பப் பக்கத்து வீட்டுத் தங்கத்தாய், "மழைக்குன்னே ஒரு மிஷினு இருக்கையில அதை ஏன் காயப்போடணும்?"னு கேட்டாளாம். அவ்வளவுதான், அத்தனை பேரும் நம்ம கொல்லைக்குள்ள வந்து, குலவை போட்டு, சந்தனம் குங்குமம் வச்சு, வேப்பிலை கட்டி, ஆளுக்கொரு குடம் ஊத்திட்டாக. லைட்டு விடாம மினுக்கவும், "சாமி கண்ணத் தொறந்துருச்சு"ன்னு இன்னும் நாலு குடம். முதல் குடம் உன் அத்தை முத்துலட்சுமி! கேட்டா, "புள்ள மழையத்தான படிக்குது, மழையே இல்லாட்டி அது எதைப் படிக்கும்?"ங்கிறா.

ரோஷினி, கருவி பொய் சொல்லாது. மனுசந்தான் அது தலையில தண்ணி ஊத்துவான். நம் நாட்டில் தொழில்நுட்பத்துக்குக் குறைச்சலே இல்லை. வீட்டுக்கு மூணு போன் கிடக்கு, மூணும் மழைக்கு வாய்ப்புங்குது, மூணையும் கீழ வச்சிட்டு வானத்தத்தான் பாக்கோம். உங்க பல்கலைக்கழகத்துக்காரவுகளும் குதிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை பஸ்ஸேறி வந்து கொல்லைய எட்டிப் பாத்திருக்கலாம்ல, குங்குமமாவது கண்ணுல பட்டிருக்கும். ஆராய்ச்சி என்றால் உண்மை. ஒரு சொட்டு கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆகையால் அந்த ஒன்பது சென்டிமீட்டரை அடியோடு அழித்துவிடு. சாரு கோவிச்சா மாமன் மேல பழியப் போடு. நம்ம வீட்டுல இவ்வளவு தூரம் படிச்ச ஒரே பிள்ளை நீ. நாலு பேர் முன்னால உன் பேரு கெட்டா எனக்குத் தாங்காது. இனி யாரும் ஊத்தாதபடி மானியைக் கழற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன்.

எடுத்த படிப்பைக் குறைவில்லாமல் முடித்து, கண்ணும் உடம்பும் கெடாமல் நீ நல்லா இருக்கணும். உன் சாருக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் மாமன் ராஜகுரு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் இடி இடித்தது. அடேயப்பா, என்னா மழை! தெருவெல்லாம் முழங்கால் தண்ணி. மானி பீரோவுக்குள் காய்ந்துகொண்டிருக்கிறது. பதட்டத்தில் சாவியைக் காணோம். தங்கத்தாய் நம்ம வாசல்ல நனைஞ்சுக்கிட்டே என்னையப் பாத்துச் சிரிக்கிறா. ஆகவே மேலே எழுதியதை மறந்துவிடு. அந்த ஒன்பது சென்டிமீட்டரை அழிச்சிராத தாயி, தேதிய மட்டும் இன்னைக்குன்னு மாத்திப் போட்டுக்கோ. அளவு பத்தலன்னா அத்தை இன்னொரு குடம் ஊத்தித் தாரேங்கிறா.